வாட்டுக்கும் பற்று வரவு உண்டு: செட்டிநாட்டில் மின்சாமான் வாங்கப் புதிதாக இறங்குவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்து வீடுகளுக்குள் போலி மின்சாமான் பெரும்பாலும் மூன்று வழியாக நுழைகிறது. கோயில் திருவிழாவை ஒட்டிப் போடும் தற்காலிகக் கடைகள் ஒன்று. போனில் வரும் விளம்பரத்தைத் தட்டி, வாசலில் பணம் கொடுத்து வாங்கும் பார்சல் இன்னொன்று. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, 'கரண்ட் பில்லைப் பாதியாக்குகிறோம்' என்று வாசற்படி ஏறும் ஆள் மூன்றாவது. மூவரையும் பொருள் கெட்டபின் மறுபடி பார்க்க முடியாது.

ஏமாறுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். வட்டிக்கணக்கை மனத்திலேயே போடும் பெரியவர்கள்கூடப் பெட்டியில் அச்சடித்த எண்ணைக் கேள்வி கேட்பதில்லை. ஆங்கிலத்தில், பளபளப்பாக, பெரிதாக இருந்தால் அது உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். இத்தனைக்கும் மின்சாரக் கணக்கு பேரேட்டுக் கணக்கை விடச் சுலபம். வரவுக்கு மேல் செலவு எழுத முடியாது. உள்ளே போகும் வாட்டுக்கு மேல் வெளியே வராது. கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே விதியின் மேல் நிற்பவை. தேவைப்படுவது ஒரு சமையலறைத் தராசு, போனில் உள்ள கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை.

பெருக்கிப் பார்க்கும் பழக்கம்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் '65 வாட் அதிவேக சார்ஜர்' என்று இருக்கும். திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அவுட்புட் என்ற வரியில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட் சார்ஜர், கதை முடிந்தது. உண்மையான 65 வாட் சார்ஜரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்பது போல ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். போலி செய்கிறவர்கள் முன்பக்கத்தில் துணிந்து பொய் சொல்வார்கள். பின்பக்கத்தில் பல நேரம் சொல்வதில்லை, அல்லது மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பீக்கரும் அப்படியே. '5000 வாட் பிஎம்பிஓ' என்று எழுதிய பெட்டிக்குள் வரும் அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் உள்ளே போவது 24 வாட். பிஎம்பிஓ என்பதற்கு யாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். ஆர்எம்எஸ் (ஸ்பீக்கர் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருக்கும் வாட்டை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வாசலில் மாட்டும் சோலார் விளக்கு இந்தப் பக்கம் நன்றாக விற்கிறது, மோசடியும் அதில்தான் அதிகம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 வாட்டை, மின்சாரமாக்கும். விளக்கின் தலையில் உள்ள பேனலை அளந்து பாருங்கள். 20 செ.மீ.க்கு 30 செ.மீ. என்றால் 0.06 சதுர மீட்டர். மிஞ்சி மிஞ்சிப் போனால் 12 வாட். அதன்மேல் '300 வாட்' என்று ஒட்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில் காயவைத்தாலும் 300 வராது. 12 வாட்டுக்கு உரிய விலை சொன்னால் வாங்கலாம், விளக்கு எரியும்தான். 300 வாட்டுக்கு உரிய விலையைக் கொடுக்காதீர்கள்.

பெட்டியின் முதுகு

பொட்டலப் பொருளின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தி மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்ட விதி. இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். முகவரி இல்லாத பெட்டியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறி. சார்ஜர், பவர்பேங்க், மொபைல், எல்இடி விளக்கு போன்றவற்றுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும்; இதற்கான ஆணை 2012இல் வந்தது, பொருள்கள் பிறகு படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. அந்தக் குறியின் கீழே 'ஆர்' எழுத்தில் தொடங்கி 8 இலக்க எண் இருக்கும். இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் போடும் ராடு போன்றவற்றுக்கு வேறு முறை: ஐஎஸ்ஐ முத்திரையும் 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும்.

எண் இருப்பதோடு நின்றுவிடக் கூடாது, சரிபார்க்க வேண்டும். போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கி, அந்த எண்ணைத் தட்டினால் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருள், எந்த பிராண்ட், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். போலி செய்கிறவர்கள் எண்ணை இட்டுக்கட்டுவதைவிட வேறொரு பொருளிலிருந்து திருடுவதே அதிகம். ஆகவே எண்ணைப் போட்டதும் 'இருக்கிறது' என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கையில் இருப்பது சார்ஜர், செயலி காட்டுவது எல்இடி பல்பு என்றால் அது திருட்டு எண். இன்னொன்று: பதிவு தொழிற்சாலையின் பெயரில்தான் இருக்கும். சீனத்துப் பெயர் ஒன்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் பொருளின் பிராண்ட் பெயர் அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெந்நீர் ராடில் மட்டும் இந்த விஷயத்தில் எந்தத் தயவும் காட்டாதீர்கள். முத்திரை இல்லாத ராடு தண்ணீர் வாளிக்குள் கரண்ட் கசியவிட்டால் திருப்பிக் கொடுக்க ஆள் மிஞ்சாது.

பவர்பேங்க்

லித்தியம் பேட்டரியை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதே ஊரில் '50000 எம்ஏஎச்' (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பவர்பேங்க் கைக்கடக்கமாக விற்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 என்ற உருளைச் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், ஒன்று 45 முதல் 50 கிராம். இந்த அளவுச் செல்லில் தரமானவற்றின் கொள்ளளவு 3500 எம்ஏஎச் அளவில் நின்றுவிடும். 9900 என்று அச்சிட்ட செல்லும் சந்தையில் உண்டு. அது வெறும் அச்சு. பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து பிரித்த செல்லுக்குப் புதுச்சட்டை போட்டும் விற்கிறார்கள். அதில் ஆயிரம் நின்றாலே பெரிது.

ஆக 10000 என்றால் குறைந்தது மூன்று செல் வேண்டும். தட்டையான செல் போட்டாலும் எடை பெரிதாகக் குறையாது. சமையலறைத் தராசில் வையுங்கள். 10000 எம்ஏஎச் பவர்பேங்க் 150 கிராமுக்குக் கீழே இருந்தால் நம்ப முடியாது. 180 முதல் 230 வரை இயல்பு. 50000 என்று எழுதியது இருநூறு கிராம் என்றால் நேராகப் பொய். அதற்கு உண்மையில் முக்கால் கிலோவாவது வேண்டும். எடை சரியாக இருந்தும் ஏமாற்றலாம். மணல் பொட்டலமும் இரும்புத் துண்டும் வைத்து எடை கூட்டிய பவர்பேங்குகள் பிடிபட்டிருக்கின்றன. குலுக்கினால் உள்ளே ஏதாவது நகரும் சத்தம் வரக்கூடாது.

எடையில் தேறியதை அன்றிரவே ஓட்டிப் பாருங்கள். பவர்பேங்கை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். போனை 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து அணைத்துவிட்டு, பவர்பேங்கில் போடுங்கள். முழுவதும் ஏறியதும் போனைப் பயன்படுத்தித் திரும்பவும் இறக்கி, மறுபடி போடுங்கள். 5000 எம்ஏஎச் போனுக்கு 10000 பவர்பேங்க் ஒன்றேகால் தடவை, நல்லதாக இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றரைத் தடவை ஏற்றும். இரண்டு தடவை ஏறவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அது பழுது இல்லை. 10000 என்பது செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. இரண்டையும் பெருக்கினால் 37 வாட்-மணி, அதாவது 37 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டாக மாறி வரும்போது 7400, மாற்றத்தில் வீணாவதையும் கழித்தால் 6000 சொச்சம். நேர்மையான நிறுவனம் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று அந்த 6000 சொச்சத்தையும் அச்சிட்டிருக்கும். அந்த வரி இருப்பதே ஒரு நல்ல அடையாளம். ஒரு தடவைகூட முழுதாக ஏறவில்லை என்றால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். விமானத்தில் 100 வாட்-மணி வரை உள்ள பவர்பேங்கைக் கைப்பையில் கொண்டுபோகலாம். அது சுமார் 27000 எம்ஏஎச். பாதுகாப்புச் சோதனையில் அவர்கள் செல்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை, மேலே எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள். உள்ளே மூவாயிரமே இருந்தாலும் மேலே 50000 என்று இருந்தால் பறிபோகும்.

பூட்டிய வீடும் கேமரா கார்டும்

இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள ஏமாற்றம் இது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் உள்ளூரில் ஒரு வைஃபை கேமராவும் மெமரி கார்டும் வாங்கி முகப்பில் மாட்டுவார். போனில் திறந்தால் வாசல் தெளிவாகத் தெரியும். எல்லாம் சரி என்று விட்டுவிடுவார்கள். நேரலை கார்டைத் தொடுவதே இல்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை. திருட்டு நடந்து, நேற்றைய பதிவைத் தேடும்போதுதான் கார்டில் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

காரணம் இது. போலிக் கார்டில் உண்மையில் 8 அல்லது 16 ஜிபி நினைவகம்தான் இருக்கும். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு மட்டும் '256 ஜிபி' என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கும். 16 ஜிபி நிரம்பியபின் வருவதையும் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டு, பழையதின் மேலேயே எழுதும் அல்லது தூக்கி எறிந்துவிடும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறக்காது. '2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய்' விளம்பரத்தின் கதையும் இதுதான். கல்யாண வீடியோவை அதில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றே சோதித்துவிடுங்கள்.

சோதனை முறை:

1. கார்டு ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகுங்கள். கார்டில் எதுவும் இருக்கக் கூடாது.

2. 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச விண்டோஸ் நிரலை இறக்குங்கள். திறந்ததும் ஜெர்மன், ஆங்கிலம் இரண்டும் காட்டும், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ், மேக் கணினிக்கு 'எஃப்3' என்ற நிரல்.

3. கார்டின் டிரைவைத் தேர்ந்தெடுத்து, முழு இடத்தையும் எழுதிச் சரிபார்க்கும்படி கொடுங்கள். பாதி இடத்தை மட்டும் சோதித்தால் பயனில்லை. போலிக் கார்டு முதல் 16 ஜிபிக்கு ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும்.

4. காத்திருங்கள். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 64 ஜிபி எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு படித்துச் சரிபார்க்கும்.

5. பிழை இல்லை என்று முடிந்தால் நல்ல கார்டு. இத்தனை ஜிபி சரி, இத்தனை ஜிபி போயிற்று என்று காட்டினால் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், புகாருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

64 ஜிபி கார்டு விண்டோஸில் 59.6 என்று காட்டினால் அது மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது.

பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளுக்கு 10.8 ஜிபி, 64 ஜிபியில் கிட்டத்தட்ட ஆறு நாள் நிற்கும், பிறகு பழையதை அழித்து எழுதும். ஊருக்குத் திரும்பிய ஒரு வாரம் கழித்து, நேரலையைப் பார்க்காமல் மூன்று நாளுக்கு முந்தைய பதிவைத் திறந்து பாருங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். இடைவிடாமல் எழுதும் வேலைக்கு சாதாரணக் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். 'ஹை என்ட்யூரன்ஸ்' என்று கேட்டு வாங்குங்கள்.

'கரண்ட் பில் பாதி' பெட்டி

சுவர் பிளக்கில் செருகும் சின்னப் பெட்டி, பச்சை விளக்கு எரியும். பிரித்தால் ஒரு கெபாசிட்டரும், விளக்கை எரியவைக்கும் இரண்டு மூன்று உதிரிகளும் கிடைக்கும்.

விற்பவர் காட்டும் வித்தையைக் கவனியுங்கள். ஒரு மோட்டாரை ஓடவிட்டு ஆம்பியர் மீட்டரைக் காட்டுவார். பெட்டியைச் செருகியதும் முள் இறங்கும். கண்கட்டு இல்லை, நிஜமாகவே இறங்கும். மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்த் திரும்புவது. கெபாசிட்டர் அதை ஈடுகட்டுகிறது. ஆனால் வீட்டு மீட்டர் ஆம்பியருக்குக் காசு வாங்குவதில்லை, யூனிட்டுக்கு, அதாவது உண்மையில் செலவான வாட்டுக்கு வாங்குகிறது. அது ஒரு பைசா குறையாது. பெட்டி வாங்கியபின் பில் குறைந்ததாகச் சத்தியம் செய்பவர்களும் உண்டு. வைகாசியில் வாங்கி, ஆவணியில் பில் பார்த்திருப்பார்கள். ஏசி ஓட்டம் குறைந்திருக்கும். இரண்டு மாதக் கணக்கில் தொடக்க யூனிட்டுகள் இலவசம் என்பதால், செலவு கொஞ்சம் குறைந்தாலும் தொகை நன்றாகவே குறைந்து காட்டும்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், மீட்டரையே கேளுங்கள். டிஜிட்டல் மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் இருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள்; இன்வெர்ட்டர், வைஃபை, ஃபிரிட்ஜ் எதுவும் விடக்கூடாது. சிமிட்டல் நின்றதும் ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் போட்டு, 10 சிமிட்டலுக்கு எவ்வளவு நேரம் என்று போனில் அளங்கள். 75 வாட் ஃபேன் என்றால் இரண்டரை நிமிடம். இப்போது அந்தப் பெட்டியைச் செருகி மறுபடி அளங்கள். அதே இரண்டரை நிமிடம் வரும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு நல்ல பயன் உண்டு. 28 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) என்று சொல்லி விற்றதை இதே முறையில் பாருங்கள். 28 வாட் என்றால் 10 சிமிட்டலுக்கு 6 நிமிடம் 40 விநாடி ஆக வேண்டும். 3 நிமிடம் 45 விநாடியிலேயே வந்துவிட்டால் அது 50 வாட் இழுக்கிறது. ஃபேனைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போகலாம்.

வீட்டின் குறை, பொருளின் மேல் பழி

செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் ரௌட்டர் வைத்தால் இரண்டாங்கட்டில் வைஃபை வராது. செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய கனத்த சுவர்களைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை போவது கஷ்டம், 2.4 பரவாயில்லை. இதற்குப் பரிகாரமாக 'சிக்னல் பூஸ்டர்' என்று ஸ்டிக்கர் முதல் கொம்பு வைத்த பெட்டி வரை விற்பார்கள். ஸ்டிக்கர் வெறும் தாள். எக்ஸ்டெண்டரை சிக்னல் வராத அறையிலேயே மாட்டினால், இல்லாததை எங்கிருந்து நீட்டும்? உருப்படியான வழி, கேட்-6 கேபிளை முற்றத்து ஓரமாக உள்கட்டு வரை இழுத்து, அங்கே இன்னொரு ரௌட்டரை அக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும்படி, வைப்பது. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எவ்வளவு பெரிய வீடானாலும் போதும். செல்போன் சிக்னலைக் கூட்டும் ரிப்பீட்டர் மட்டும் வாங்காதீர்கள், அனுமதி இல்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம்.

லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று திருப்பி அனுப்புபவர்கள் முதலில் பிளக் பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். பழைய மரப்பட்டி வயரிங்கில் பல அறைகளில் எர்த் கம்பியே கிடையாது. மூன்று முனை பிளக்கை இரண்டு முனைக்கு மாற்றிச் செருகினாலும் அதே கதி. புதிதாக வந்த லேப்டாப்பும் அடுத்த வீட்டில் கொடுத்துப் பார்த்தால் ஒழுங்காக இருக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடுங்கள். இதை நீங்களே கை வைத்துப் பார்க்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரி

பழைய பேட்டரிக்குப் புது உறை போட்டு விற்பது பழைய தொழில். டெர்மினலில் கவ்வி பிடித்த தடம், சுரண்டிய தயாரிப்பு எண், வாரன்டி அட்டையில் உள்ள எண்ணோடு பேட்டரியில் உள்ளது ஒத்துப்போகாமை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். 150 ஆம்பியர்-மணி உயரமான டியூபுலர் பேட்டரி அமிலத்தோடு 50 கிலோவுக்குக் குறையாது. ஒற்றை ஆள் சுலபமாகத் தூக்கிவந்தால் சந்தேகப்படுங்கள்.

ஓட்டும் நேரக் கணக்கு: 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போகும், பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சக் கூடாது என்பதற்காக மீதியிலும் ஐந்தில் ஒரு பங்கை விடவேண்டும். மிஞ்சுவது சுமார் 1150. மூன்று 75 வாட் ஃபேன், நான்கு 9 வாட் விளக்கு சேர்ந்து 261 வாட். நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மெயினை அணைத்து ஓடவிட்டு மணி பாருங்கள். புது டியூபுலர் முதல் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் குறைவாகத் தரும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் பீப் அடித்தால் வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். 'எட்டு மணி நேரம் வரும்' என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், எந்த லோடுக்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சீர்ச் சாமான்

கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே தள்ளுபடியில் மிக்சி, கிரைண்டர், டிவி, வாஷிங் மெஷின் எல்லாம் வாங்கி அறையில் அடுக்கிவிடுவார்கள். சாமான் பரப்பி வைக்கும்போது பெட்டி பிரிக்காமல் புதுசாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. பொதுவாக வாரன்டி பில் தேதியில் ஆரம்பித்துவிடும். பெண் மாமியார் வீட்டில் குடித்தனம் தொடங்கிப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வருட வாரன்டியில் முக்கால்வாசி போயிருக்கும். டிவித் திரை உடைந்து வந்திருந்தால் 'நீங்கள் வைத்து உடைத்தீர்கள்' என்பார்கள். பணத்தை இப்போது கட்டி, பொருளும் பில்லும் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வரும்படி பேசுங்கள். காரைக்குடிக் கடைகள் பலவும் தெரிந்த வாடிக்கையாளருக்கு இதற்கு ஒப்புக்கொள்ளும். முடியாதென்றால் வந்த அன்றே பிரித்து, ஓட்டிப் பார்த்து, அதே தெர்மோகோலோடு திரும்பக் கட்டிவையுங்கள். பில்லும் சீரியல் எண்ணும் சீர்ச் சிட்டையோடு சேர்ந்து போக வேண்டும். மாப்பிள்ளை ஊரில் சர்வீஸ் சென்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

போன், வாட்ச்

புதுப் போனில் *#06# தட்டி வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு பொருந்த வேண்டும். பழைய போன் வாங்குகிறவர்கள் 'கேஒய்எம்' என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டதா, வேறு மாடலின் எண்ணா என்று தெரிந்துவிடும்.

ஆயிரம் ரூபாய் வாட்ச் ரத்த அழுத்தம் காட்டுகிறது என்றால், அதைச் சுருட்டிய துண்டில் கட்டிப் பாருங்கள். துண்டுக்கும் 120/80 காட்டக்கூடும். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் கருவியே சரி.

பார்சல் வந்த அன்று, அதன்பிறகு

பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய, ஒட்டிய முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, பிரிக்கும்வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை ஏற்கமாட்டார்கள். அட்டையைப் பத்து நாள் எறியாதீர்கள். திருப்பி அனுப்பும் கடைசி நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, மேலே சொன்ன சோதனையை அதற்குள் முடியுங்கள். போலி விற்பவரின் பிழைப்பே நீங்கள் அந்த நாளைத் தவறவிடுவதில்தான் இருக்கிறது.

பழுது என்று தெரிந்ததும் போன் பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்தில் தெரிவியுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. பெட்டியில் அல்லது செயலிக்குள் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். பணம் திருப்பித் தர உங்கள் திரையைப் பகிரச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

இணையக் கடைகளின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. தீரவில்லையானால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். எவ்வளவோ புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லையா, சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் புதுக்கோட்டையில். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பிரித்த வீடியோ, சோதனை முடிவு, எழுதிய மெயில், வந்த பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வையுங்கள். பொருளின் விலை, அலைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் தனித்தனித் தொகையாகக் கேளுங்கள். கேட்காததைத் தாமாக யாரும் கொடுப்பதில்லை.

வழக்கு முடியும்வரை பொருளைத் தூக்கிப் போடாதீர்கள், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். உப்பிய பவர்பேங்கும் உப்பிய போன் பேட்டரியும் மட்டும் இதற்கு விலக்கு. நாலு பக்கமும் படமெடுத்து, சார்ஜ் போடாமல், குத்தாமல், வீட்டு மரச்சாமான்களுக்கு எட்டாத இடத்தில் மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். கொடுத்ததற்குச் சீட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.